திரைக்கு வெளியே வந்து நின்ற ஆபாவுக்கு

ஆபா,

நேற்று வேலூர் லாங் பஜாரில் ஒரு துணிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மருமகள் எஸ்தர் மெத்தை உறைக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் புதுக் காடாத் துணிக் கட்டு ஒன்றைத் தூக்கிப் பலகைமேல் போட்டு, ஒரு தள்ளு தள்ளி உருட்டி விரித்தார். கஞ்சி வாசனை முகத்தில் வந்து மோதியது. அவ்வளவுதான். கைவண்டிக்காரர்கள் கத்துவதும் எஸ்தர் விலை பேசுவதும் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன. ஆம்பூரில் நம் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நீங்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடிமீது இதே காடாத் துணியைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். உதட்டில் ஊசி. அதை எடுக்காமலேயே பேசினீர்கள்.

“அந்த ஓரத்த இழுத்துப் புடிங்க டீச்சரம்மா. புடிக்கறதுக்குக்கூட உங்க கொள்கை எடம் குடுக்காதா?”

“பிடிக்கிறேன். ஆனா இது என் சம்மதத்தோட தைக்கிற திரை இல்லே.”

“சம்மதம் யார் கேட்டாங்க? ஓரந்தானே கேட்டேன்.”

“ஏன் அத்தை சிரிக்கறீங்க?” என்று எஸ்தர் கேட்டாள். ஒரு சிநேகிதியை நினைத்துக்கொண்டேன் என்றேன். கடையில் வைத்து அதற்குமேல் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் நீங்கள் கண்மூடினீர்கள். நம் மாணவி மைமூனா ஆம்பூரிலிருந்து வந்து சொன்னாள். இனிமேல் உங்களுக்கு எழுதுவதில் ஒரே ஒரு சௌகரியம் இருக்கிறது ஆபா. குறுக்கே பேச மாட்டீர்கள். உயிரோடு இருந்தவரையில் என்னை ஒரு வாக்கியத்தையாவது முழுதாக முடிக்க விட்டீர்களா?

நாம் சேர்ந்த கதையே வேடிக்கையானது. ஊர்த் தோல் வியாபாரிகள் ஒரு கமிட்டியாகக் கூடித் தங்கள் வீட்டுப் பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். உருதுவும் குர்ஆனும் சொல்லிக்கொடுக்க நீங்கள். தமிழும் கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுக்க, சர்க்கார் சர்டிபிகேட் உள்ள ஒருத்தி வேண்டும் என்று தேடி, வேலூரிலிருந்து கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்திருந்த என்னைப் பிடித்தார்கள். என் வீட்டுக்காரர் ரயிலடியில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் குடும்பம் எங்களுடையது. உங்களுடையது வெள்ளிக்கிழமைத் தொழுகைக் குடும்பம். பிள்ளைகள் உங்களை அக்கா என்ற அர்த்தத்தில் ஆபா என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட நீங்கள் இளையவர் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் பழகிவிட்டது.

நீங்கள் கோஷா. தெருவில் கால் வைத்தால் புர்கா. பள்ளிக்கூடத்து மாட்டுவண்டிக்கு முன்னும் பின்னும் திரை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு, யார் எதிரே வந்தாலும் முகம் பார்த்துத் தோத்திரம் சொல்லிக்கொண்டு நடந்து வருவேன். முதல் வாரத்திலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. அது கடைசிவரையில் ஓயவில்லை என்பதை நினைக்க இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது!

நான் எப்போதும் சொல்லும் உதாரணம் உங்களுக்கு நினைவிருக்கும். பாலாறு எங்கே புறப்படுகிறது, எந்தெந்த ஊர் வழியாக வருகிறது, எங்கே கடலில் கலக்கிறது என்று நம் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஊரை ஒட்டிக் கிடக்கிற பாலாற்றை அவர்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. “மணல்னா என்ன நெறத்துல இருக்கும் டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். அன்று எனக்கு வந்த கோபத்தை உங்கள்மேல்தான் கொட்டினேன்.

“ஆம்பிளைப் பிள்ளை ஆத்துல விளையாடறான். பொம்பளைப் பிள்ளை படத்துல விரல் வச்சுக் காட்டறா. இது சமமா ஆபா?”

“சமம் இல்லேதான். ஒத்துக்கறேன்” என்றீர்கள். பிறகு கண்ணில் ஒரு குறும்பு வந்தது. “போன மாசம் ஜோலார்பேட்டைக்கு உங்க அக்காவப் பாக்கப் போவணும்னு சொன்னீங்களே, போனீங்களா?”

“இன்னும் இல்லே. அவர் சரின்னு சொல்லணும்.”

“பாத்தீங்களா! ரயில்வேக்காரர் சம்சாரம். ஸ்டேஷன் வீட்டு வாசல்ல. மூஞ்சியில திரை இல்லே. ஆனா ஜோலார்பேட்டைக்குப் போவ ஐயாவக் கேக்கணும். எங்க வாப்பா சொத்துல எனக்குப் பங்கு இருக்கு. அத விக்கறதுக்கு எங்க வீட்டுக்காரரு என்னக் கேக்கணும். உங்களுக்கு உங்க அப்பா இன்னா குடுத்தாரு?”

“பைபிளும் தையல் மிஷினும்.”

“நல்ல மிஷினா?”

“நல்ல மிஷின்.”

“அப்ப பரவால்லே” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனீர்கள். பிள்ளைகள் முன்னால் சிரிக்கக் கூடாது என்று நான் குடிதண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் கட்சி எளிமையானது. பெண் ஆணுக்குச் சமம் என்றால் அவன் போகிற தெருவில் அவளும் போக வேண்டும், அவன் பார்க்கிற உலகத்தை அவளும் பார்க்க வேண்டும். உங்கள் கட்சி எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. பின்னம் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் ரொட்டியைச் சரிபாதியாகப் பிட்டுக் காட்டினேன். “இரண்டும் சமம்” என்றேன். வகுப்பு முடிந்ததும் அந்தப் பாதியில் ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டே சொன்னீர்கள்: “ரொட்டி சமமா இருந்தா மட்டும் போதுமா டீச்சரம்மா? பிட்டது யாரு கைன்னும் பாக்கணும். எங்க ஆளுங்க பிட்டுக் குடுத்தாலும் சரி, உங்க ஆளுங்க பிட்டுக் குடுத்தாலும் சரி, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” அன்று அது எனக்கு வெறும் விதண்டாவாதமாகப் பட்டது.

மைமூனாவின் வருஷம் வந்தது.

மேல் வகுப்பில் இருந்தவர்களில் அவள்தான் கெட்டிக்காரி. அப்பா தோல் தரகர். பெண்ணைப் படிக்க வைத்துப் பேர் வாங்க வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு உண்டு, காலாகாலத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்ற பயமும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டிருந்தார். சர்க்கார் பரீட்சையில் தேறினால் மேலே படிக்கலாம், உபாத்தியாயினியாகவும் வரலாம். தேறாவிட்டால் அந்த ரம்ஜான் கழிந்ததும் நிக்காஹ். மாப்பிள்ளை வீடுகூடப் பார்த்து வைத்தாகிவிட்டது. அந்தப் பிள்ளை கணக்கைப் போட்டுவிட்டு, இன்னொரு தடவை சரிபார்க்காமல் ஸ்லேட்டை நீட்டாது. ஒவ்வொரு கணக்கும் அவளுக்கு உயிர்ப் பிரச்சினை.

வழக்கமாகப் பரீட்சை பார்க்க இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வருவார். அந்த வருஷம் அவருக்குக் காய்ச்சல். பரீட்சைக்கு முதல் நாள் தந்தி வந்தது: அவருக்குப் பதில் ஓர் ஆண் இன்ஸ்பெக்டர் வருகிறார். கமிட்டியில் ஒரே களேபரம். பரீட்சையே வேண்டாம் என்றார்கள் சிலர். நீங்கள் பிள்ளைகளின் தாய்மார்களுக்குச் சொல்லி அனுப்பினீர்கள். கூடத்தை இரண்டாகத் திரை போட்டுத் தடுப்போம், பிள்ளைகள் உள்ளே, அவர் வெளியே, ஒரு பெண்ணின் நிழல்கூட அவர் கண்ணில் படாது, அதற்கு நான் பொறுப்பு என்று. உங்கள் வார்த்தையை நம்பித்தான் அப்பாக்கள் சம்மதித்தார்கள். அதற்காக வாங்கிய காடாத் துணிதான் அது. துவைக்கக்கூட நேரமில்லை.

மறுநாள் திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளும் நீங்களும். இந்தப் பக்கம் நாற்காலியில் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் நான், சுவரோரமாகக் கமிட்டியின் சார்பில் தலைவர் சாயபு அனுப்பிய குமாஸ்தா. இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் அல்ல. சின்னப் பிள்ளைகள் உள்ளேயிருந்து வாய்ப்பாடு ஒப்பித்தபோது தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு மைமூனாவின் முறை. தமிழ்ப் பாடம் வாசித்தாள்.

அவள் குரல் உங்களுக்குத் தெரியுமே. பிள்ளைகள் அவளுக்கு ‘மௌல்வி சாப்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தச் சின்ன உடம்புக்குள்ளிருந்து கனமாக, நிதானமாக ஒரு குரல் வரும். அன்று நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு பிழை இல்லாமல் வாசித்தாள். இன்ஸ்பெக்டர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“உள்ளே வாசித்தது யார்?”

“மைமூனா சார். மேல் வகுப்பு.”

“வயது?”

“பன்னிரண்டு.”

“என் வீட்டிலும் பன்னிரண்டு வயதில் பெண் இருக்கிறாள் அம்மா. இது அந்த வயதுக் குரல் அல்ல. உள்ளே உங்கள் உபாத்தியாயினி வாசிக்கிறார்.”

திரைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “மௌல்வி சாப்!” என்று ஒரு கிசுகிசுப்பு. இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது.

“திரையைத் தூக்குங்கள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இறக்கிவிடலாம். பார்க்காமல் நான் கையெழுத்துப் போட முடியாது.”

நான் திரைமேல் கை வைத்தேன். தவறு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன் ஆபா. அந்தப் பிள்ளையின் வாழ்க்கை ஒரு முழத் துணியில் தொங்குகிறது, தூக்கினால் தீர்ந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் துணி நகரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் கை அதைப் பிடித்திருந்தது. காடாத் துணி வழியாக உங்கள் விரல் முட்டி என் உள்ளங்கையில் பட்டது.

“கைய எடுங்க டீச்சரம்மா.”

“ஒரு நிமிஷந்தான் ஆபா.”

“இவங்க வாப்பாங்க கிட்ட நீங்க போய்ச் சொல்வீங்களா, ஒரு நிமிஷந்தான்னு? நாளைக்கு இங்க எந்தப் புள்ள வரும்?”

“கையெழுத்து இல்லேன்னா மைமூனா நாளைக்கே வர மாட்டா.”

துணிக்கு அந்தப் பக்கம் உங்கள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு உங்கள் கை விலகியது. நான் தூக்கப் போனேன். அதற்குள் சுவர் ஓரமாகத் திரை ஒதுங்கியது, நீங்கள் வெளியே வந்தீர்கள்.

உங்கள் புர்கா உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவில்லை. முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டிருந்தீர்கள். முகம் திறந்திருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்நிய ஆண் பார்க்காத முகம். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. முதல் வார்த்தை நடுங்கியது, இரண்டாவது நடுங்கவில்லை.

“அய்யா, இங்க உபாத்தியாயினி நாந்தான். இந்த அம்மா அங்க நிக்கறாங்க. நான் இங்க நிக்கறேன். உள்ள பெரியவங்க யாரும் கெடையாது. இப்ப எந்தப் பக்கத்த வேணுன்னாலும் கேளுங்க.”

இன்ஸ்பெக்டர் சட்டென்று எழுந்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. புத்தகத்தில் வேறொரு பக்கத்தை மடித்து என்னிடம் நீட்டினார். நான் அதைத் திரைக்கு அடியில் தள்ளினேன்.

“மைமூனா! வாசி பேட்டி!” என்று பெற்ற மகளைக் கூப்பிடுவதுபோல் உருதுவில் கூப்பிட்டீர்கள்.

அந்தக் கனத்த குரல் மறுபடி எழுந்தது. அவள் வாசித்து முடிக்கும்வரை நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றீர்கள். குமாஸ்தா உங்களைப் பார்த்தபடி வாயைத் திறந்தவர் மூடவில்லை. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

அவர் வண்டி புறப்பட்டதும் நான் ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். “வெளியே வந்துட்டீங்களே ஆபா!” என்றேன். என் கண்ணில் தண்ணீர். உங்கள் கண்ணில் நெருப்பு.

“நான் இன்னா கூண்டுல இருந்த கிளியா, வந்துட்டேன்னு கை தட்டறதுக்கு? பசங்க உள்ளயே இருக்கணும்னு நான் வெளிய நின்னேன். உங்க கட்சிக்கு வரலே.”

அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஆனால் பகல் சாப்பாட்டில் என் பங்கு ஊறுகாயை எடுத்துக்கொண்டீர்கள். அதனால் பகை இல்லை என்று தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மைமூனா தேறிய செய்தி பின்னால் வந்தது. ஆபா வெளியே வந்து நின்ற செய்தி முன்னால் போய்விட்டது. உங்கள் வீட்டுக்காரர் தலைவர் சாயபுவின் தோல் மண்டியில்தான் கணக்கெழுதினார். மண்டியில் அவரை யார் யார் என்னென்ன கேட்டார்களோ, அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: “இன்ஸ்பெக்டர் ஆளு எப்பிடி இருந்தாரு?” நீங்கள் “நான் எங்க பாத்தேன்? நான் தரையத்தானே பாத்துக்கினு இருந்தேன்” என்றீர்களாம். அவர் சிரித்துவிட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது உங்கள் முகத்தில் வந்த வெட்கத்தைப் பார்த்து, இந்த மனிதரைப் பற்றி இனிமேல் ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கமிட்டி அப்படிச் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு கூடினார்கள். பிள்ளைகளுக்குக் கோஷா சொல்லிக்கொடுக்க வேண்டியவரே கோஷாவை விட்டுவிட்டார், இனி அவர் வர வேண்டாம் என்று முடிவானது. நான் கொதித்துப்போனேன். கலெக்டருக்கு எழுதுகிறேன், வேலையை விட்டுவிடுகிறேன் என்றெல்லாம் குதித்தேன். “நீங்களும் போய்ட்டா மைமூனாவுக்கு யாரு சொல்லிக்குடுப்பா? ஒக்காருங்க” என்றீர்கள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, “எனக்குப் பிள்ளைங்களப் பாக்காம எப்பிடி இருக்கறதுன்னு தெரியலே” என்றீர்கள். உங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறையை நீங்கள் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான், அதுவும் பாதி.

திங்கட்கிழமை காலையில் நடந்ததை இன்றைக்கும் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் தலைவர் சாயபுவின் மண்டி. அதன் வாசலில் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. முன்னும் பின்னும் திரை கட்டிய வண்டிகள். தெருமுனைவரை நின்றன. தோல் மூட்டை ஏற்ற வந்த வண்டிகள் உள்ளே போக முடியாமல் பின்னால் தேங்கிவிட்டன. யாரும் இறங்கவில்லை. யாரும் பேசவில்லை. மாட்டுக் கழுத்து மணி மட்டும் அவ்வப்போது கேட்டது. தலைவர் சாயபு வெளியே வந்து முதல் வண்டிக்காரரைக் கேட்டார்.

“யார் வண்டி இது?”

“வாடகை வண்டிங்க. ரயிலடி.”

“உள்ள யாரு?”

“ஒரு அம்மாங்க.”

“எந்த அம்மா?”

வண்டிக்காரர் பதறிப்போனார். “அத நான் எப்பிடிங்க கேக்கறது? கோஷா அம்மாங்க!”

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. எல்லாம் ரயிலடி வாடகை வண்டிகள். வீட்டு வண்டியில் வந்தால் மாடு காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? வளையல்காரி ஒருத்தி சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வீடு வீடாகச் சேதி கொண்டுபோயிருக்கிறாள் என்பது பின்னால் தெரிந்தது. அவளை எந்த வீட்டு வாசலிலும் யாரும் தடுப்பதில்லை. கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மண்டி வாசலில் நின்றார்கள். ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு வண்டியாகப் போயிற்று. திரையைத் தூக்கிப் பார்க்க முடியாது. யார் உள்ளே என்று கேட்பது மரியாதை இல்லை. தன் வீட்டுப் பெண் உள்ளே இருக்கிறாளா என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கவும் வாயில்லை. போகச் சொல்லி அதட்டவும் முடியாது. அதட்டுவது யாருடைய மனைவியை என்று தெரியாதே!

“இன்னாதான் வேணுமாம்?” என்றார் தலைவர் சாயபு, பொதுவாகக் காற்றைப் பார்த்து.

நான் குடையோடு தெருவின் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். “ஆபா திரும்பி வரணும்னு நினைக்கிறேன் சாயபு” என்றேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் வேறென்ன இருக்க முடியும்?

அந்த நேரத்தில் நடுவில் நின்ற ஒரு வண்டியிலிருந்து இருமல் வந்தது. சின்னதாக இரண்டு, பிறகு இழுத்து ஒன்று. தலைவர் சாயபுவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த வண்டியைப் பார்த்தார். சட்டென்று வேறுபக்கம் பார்த்தார். கமிட்டிக்காரர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கையமர்த்தினார்.

“தெருவ அடைச்சிக்கினு எவ்வளவு நேரம் மாட்ட நிக்க வைக்கறது? ஆபா வரட்டும்னு சொல்லியனுப்புங்கப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. அன்று பகலுக்குள் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள்.

அந்த இருமல் தலைவர் சாயபுவின் வீட்டம்மாளுடையதுதானா என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். “பனிக்காலம் டீச்சரம்மா, ஊர்ல எல்லாருக்கும் இருமல்” என்பீர்கள். இப்போதாவது சொல்லக் கூடாதா?

அதற்குப் பிறகும் நம் வழக்கு தீரவில்லை. “பாத்தீங்களா திரையோட வேலைய?” என்று நீங்கள் ஜெயித்தவர் மாதிரிப் பார்த்தீர்கள். நான் விடவில்லை. “இருமித்தானே கேட்க வேண்டியிருந்தது. பேசிக் கேட்டிருக்க முடியுமா?” என்றேன். “பேசியிருந்தா யாருன்னு தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க” என்றீர்கள். “அதைத்தானே நானும் சொல்றேன். பேர் சொல்லிப் பேசின பெண்ணை வீட்டுக்கு அனுப்ப முடியுமென்றால் அந்த ஊர் என்ன ஊர்?” என்றேன். “அது நெசந்தான்” என்றீர்கள். பிறகு, “ஆனா அந்த ஊர்லதானே நாம இருக்கோம்” என்றீர்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கோ நியாயம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் கழித்துத் தோன்றுகிறது. உங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெண்கள் இருட்டு வண்டியில் உட்கார்ந்து ஒரு வேலையைக் காப்பாற்றினார்கள். வெளிச்சத்தில் நின்று ஒரு வேலைக்குச் சேர அவர்களுக்கு வழியில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மைமூனா நம் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. மேலே படித்து, உங்கள் இடத்துக்கே உபாத்தியாயினியாக வந்தாள். தெருவில் புர்கா போட்டுக்கொள்கிறாள். வகுப்பில், கமிட்டிக் கூட்டத்தில், எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும், முகத்தை மூடுவதில்லை. “தெருவுல எதுக்கு மூடறா?” என்று நான் கேட்டேன். “கூட்டத்துல எதுக்குத் தொறக்கறா?” என்று நீங்கள் கேட்டீர்கள். நம் இரண்டு பேருக்கும் பிடிக்காத ஒன்றை அவள் கண்டுபிடித்தாள். அவளுக்கு அது சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள் செய்தியைச் சொல்ல அவள் தனியாக ரயிலேறி வேலூர் வந்தாள். அந்தக் கனத்த குரலில் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசி வியாழக்கிழமைகூடப் பிள்ளைகளைப் பார்க்க நீங்கள் பள்ளிக்கூடம் வந்ததைச் சொல்லும்போது நிறுத்திவிட்டாள். நான் அவளை மடியில் சாய்த்துக்கொண்டேன். அவள் பிள்ளைகளே பெரியவர்களாகிவிட்டார்கள். ஆனாலும் அழ ஒரு மடி வேண்டியிருந்தது. எனக்கும் அழ ஒரு தலை வேண்டியிருந்தது.

இனி இன்றைய கதை. என் மகனை உங்களுக்குத் தெரியும். காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு உங்கள் வகுப்பில் ஓடி வந்து அடி வாங்கியவன். இப்போது சீர்திருத்தக் கூட்டங்களில் பேசுகிறான். ஆணும் பெண்ணும் சமம் என்று நன்றாகத்தான் பேசுகிறான். அம்மா பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் என்று எனக்குப் பெருமை. நேற்று நாங்கள் துணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், வருகிற கூட்டத்தில் எஸ்தரை மேடையில் உட்கார வைக்கப் போவதாக நண்பர்களிடம் சொல்லிவிட்டேன் என்றான்.

எஸ்தர் துணியை மடித்துக்கொண்டே, “நான் மேடைக்கெல்லாம் வரலீங்க” என்றாள்.

“ஏன்? கூச்சமா?”

“கூச்சம் இல்லே. நர்ஸ் படிப்ப விட்ட எடத்துலருந்து திரும்பப் படிக்கணும்னு போன வருஷமே கேட்டேன். அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலே.”

அவன் என் பக்கம் திரும்பினான். “பாருங்கம்மா. இந்த ஊர்ல எந்தப் புருஷன் பெண்டாட்டியை மேடையில உட்கார வைக்கிறான்? நான் இவளுக்கு எவ்வளவு சுதந்திரம் குடுக்கிறேன்!”

என் வாயிலிருந்து என் குரலில்தான் வந்தது.

“குடுக்கறதுக்கு அது உன் கையில எப்படிப்பா வந்தது?”

அவன் இன்னும் யோசிக்கிறான், யோசிக்கட்டும். எஸ்தர் நாளை என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, மறுபடி சேர என்ன செய்ய வேண்டும் என்று விசாரிக்கப் போகிறாள். அவன் வருவதானால் கூட வரட்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கேள்வி என்னுடையது அல்ல ஆபா. நான் வளர்ந்த இடத்தில் அப்படிக் கேட்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது உங்களுடையது, ரொட்டியைப் பிட்டது யாரு கை என்று கேட்டீர்களே, அது. எப்போது எடுத்து வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்களைக் கேட்காமல்தான் எடுத்திருக்கிறேன். திருப்பித் தர மாட்டேன்.